குறைத்துக் காட்டிய அறிவு

தனக்கென்று குறித்த இடத்தைவிட்டுப் பெயராதிருத்தல் ஓர் அறம். கொடைக்கும் வாய்மைக்கும் கிடைத்த புகழ் அதற்குக் கிடைத்ததில்லை. கொடுப்பவனை ஊர் பார்க்கிறது. மெய் சொல்பவனை அவை பார்க்கிறது. நின்ற இடத்தில் நிற்பவனையோ, அவன் விழுந்த பிறகுதான் யாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மதில் காத்து மடிந்தவர்க்கு நொச்சிப்பூச் சூட்டிப் பாடிய பழையோர் அதன் அருமையை அறிந்திருந்தனர். அந்த அறத்தின் எடை எவ்வளவு, அதைச் சுமந்தவன் வீட்டுக்கு அது என்ன செய்தது என்று அறிய விரும்புவோர், லூசியானாவின் நெல்வயல்களுக்கு நடுவே பெல் ரிவியேர் என்னும் சிற்றூரில், அல்சீட் கில்லரியின் வீட்டுக்கு வரவேண்டும்.

அல்சீட் ஃபுட்பால் ஆடியவன். ஆட்டத்தில் அவனுக்கு வாய்த்த இடம் லைன்பேக்கர். இரண்டு அணிகளின் முன்வரிசைகளும் மலையும் மலையும் போல முட்டிக்கொள்ள, தன் வரிசைக்கு நான்கு கஜம் பின்னால் நின்று, எந்த இடுக்கில் பந்து வரும் என்று முன்னுணர்ந்து, வருபவன் எவனாயினும் தோளால் மறித்து மண்ணில் வீழ்த்துவது அவன் தொழில். வெறும் உடல்வலியால் ஆகிற தொழிலன்று அது. அவன் ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு பச்சைப் பொட்டு இருக்கும். காவல் நிற்கும் பதினொருவரில் ஒருவனுக்கே அப்பொட்டு உரியது. ஹெல்மெட்டுக்குள் பொருத்திய ஒலிப்பொறி வழியே கோச்சின் குரல் அவன் காதுக்குள் மட்டும் ஒலிக்கும். பந்து உயிர்பெறுவதற்குச் சற்று முன்பு அக்குரலும் அறுந்துவிடும். அதன்பின் மற்றப் பத்துப் பேரும் அவனையே பார்ப்பார்கள். எதிரே குனிந்திருப்பவர்களின் விரல்கள் தரையில் ஊன்றி வெளுத்திருக்கின்றனவா, ஓடப்போகிறவனின் கண் எப்பக்கம் ஒருகணம் சாய்கிறது என்பவற்றைக் கொண்டு, வரப்போவது இன்னதென்று கண்டு, கூவியும் கைகாட்டியும் பத்துப் பேரையும் இடம்மாற்றி நிறுத்துவான். நானூறுக்கு மேற்பட்ட அணிவகுப்புகள் அவனுக்கு மனப்பாடம். ஒருமுறை செவியில் விழுந்த பதிகத்தை மறுமுறை பிழையின்றி ஓதும் பிள்ளைகள் சிலர் உண்டல்லவா? அப்படிப்பட்ட நினைவு அவனுடையது.

வெர்னெல் அவனை மணந்ததே அந்த நினைவுக்காகத்தான். பள்ளிக்காலம் முழுதும் அவளிடம் வாய்திறவாத அவன், கல்லூரி விடுமுறையில், அவள் பரிமாறிக்கொண்டிருந்த உணவுக்கடைக்கு வந்து நின்றான்.

"ஏழாம் வகுப்புல நெல்லுத் திருவிழாவுக்கு நீ மஞ்சச் சட்டை போட்டுட்டு வந்தே. இடது கையில பித்தான் இல்ல" என்றான்.

"அதையா இத்தனை வருஷம் ஞாபகம் வச்சிருக்கே? உனக்கென்ன பைத்தியமா?"

"இல்ல, அப்புறம் யாராவது தைச்சுக் குடுத்தாங்களான்னு கேக்கலாம்னு வந்தேன்."

அடுத்த ஆண்டு மணமாயிற்று. அதே ஆண்டில், வடக்கே பனி பெய்யும் நகரமொன்றின் தொழில்முறை அணி அவனைத் தேர்ந்துகொண்டது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கியெடுப்பதில் ஐந்தாம் சுற்றில்தான் எடுத்தார்கள்; அப்படி வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவார்கள். அவன் ஒன்பது ஆண்டுகள் நின்றான். நூற்று நாற்பத்துநான்கு ஆட்டங்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த எண்ணை அவன் சொல்லும்போதெல்லாம் முன்பு வெர்னெலுக்கு மெய்சிலிர்க்கும். இப்போது அந்த எண்ணைக் கேட்டாலே அவளுக்கு வாய் கசக்கிறது.

கசப்பு எங்கே தொடங்கியது என்பதை அவள் அறிவாள். அவர்களுடைய வாடகைவீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவள் கையால் கிண்டிய கம்போக் குழம்பின் ஆவி பறந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு நண்பகலில் அது தொடங்கிற்று. அவளும் அன்று சிரித்தாள்.

அது மூன்றாம் ஆண்டின் கோடைக்காலம். ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொருவனும் கணிப்பொறிமுன் அமர்ந்து ஒரு தேர்வு எழுதவேண்டும் என்று அணியில் வைத்திருந்தார்கள். திரையில் சொற்கள் தோன்றி மறையும். பின்பு அவற்றைச் சொல்லவேண்டும். வடிவங்கள் தோன்றும், முன்பு பார்த்தது எது என்று காட்டவேண்டும். நலமாயிருக்கும் மூளைக்கு இன்னது அளவு என்று ஓர் எண் வரும். அதைக் குறித்து வைப்பார்கள். பின்னர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே தேர்வு. எண் தாழ்ந்திருந்தால், பழைய எண்ணுக்கு ஏறும்வரை அவன் களம் இறங்கக்கூடாது. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் ஒருவாரம் வெளியே உட்கார்ந்தவனின் இடத்தில் மறுவாரம் வேறொருவன் நிற்பான் என்பதை அறிந்தவர்கள் ஆட்டக்காரர்கள். ஆகவே அவர்களுக்குள் ஒரு தந்திரம் பரவிற்று: நலமாயிருக்கும்போதே மந்தமாய் எழுதிவிடு, பின்பு அடிபட்டு மந்தமானாலும் வேறுபாடு தெரியாது.

அன்று மேசையில் மூவர் இருந்தனர். அல்சீட்டுக்குப் பின்னால் களத்தின் கடைசிக் காவலனாக நிற்கும் ரோஸ்கோ பெட்டிவே மூன்றாமவன். அல்சீட்டுக்கு உடன்பிறவாத உடன்பிறப்பு. வெர்னெலைத் தங்கச்சி என்றே அழைப்பான்.

"ஏன்டா, உனக்கு எத்தனை வந்துச்சு?" என்றான் அல்சீட்.

"தொண்ணூத்திரண்டு."

"அடப்பாவி! தேர்வு எழுதச் சொன்னா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி எழுதிட்டு வந்திருக்கே!"

"என்னால முடியலடா. அந்தத் தேர்வு வைக்கிற பொண்ணு பக்கத்துலயே நிக்கறா. முக்கோணத்தைப் பாத்துட்டு, இதை நான் இதுக்கு முன்ன பாத்ததே இல்லைன்னு எப்படிடா முழிக்கிறது? எங்கம்மா டீச்சர்டா. முட்டாளா நடிக்கக்கூட எனக்கு வரல."

"உனக்கு எவ்வளவு, ராசா?" என்று வெர்னெல் கணவனைக் கேட்டாள்.

"ஐம்பத்தெட்டு." வேட்டையில் மான் வீழ்த்தியவன் குரல் அது. "ஐம்பதுக்குக் கீழ போனா வேணும்னே எழுதறான்னு மிஷினே காட்டிக் குடுத்துரும், மறுபடி எழுத வைப்பாங்க. அறுபதைத் தாண்டினா அடிபட்ட அன்னிக்கு மாட்டிக்குவோம். நடுவுல ஒரு சந்து இருக்கு. நாலு கேள்வி சரியா, மூணு தப்பா; அந்தத் தப்பும் ஒரே மாதிரி தப்பா இருக்கக்கூடாது. நிஜ மக்கு எப்படித் தப்புப் பண்ணுவான்னு யோசிச்சு யோசிச்சுப் பண்ணினேன்."

எதிரணியைப் படிப்பதுபோல் அந்தத் தேர்வையும் அவன் படித்திருந்தான். அத்தனை அறிவும் அறிவில்லாதவனாகத் தோன்றுவதற்குச் செலவாயிற்று.

"எங்கம்மா அப்பவே சொன்னா, மக்கு மாப்பிள்ளை வேணாம்டின்னு" என்று வெர்னெல் சொல்ல, மூவரும் சிரித்தார்கள். தொட்டிலில் கிடந்த ஓடில், அவர்களுடைய ஒரே மகள், அச்சிரிப்பில் விழித்துக்கொண்டு அழுதாள்.

அவ்வாண்டு நவம்பரில் ரோஸ்கோவுக்கு ஒரு முழங்கால் காதோரம் பட்டது. மறுநாள் தேர்வில் எழுபது. தொண்ணூற்றிரண்டு எங்கே, எழுபது எங்கே? மூன்று வாரம் வெளியே உட்காரவைத்தார்கள். அவன் இடத்தில் இறங்கிய புதியவன் இரண்டு பந்துகளைப் பறித்துவிட்டான். மறு ஆண்டு ரோஸ்கோ எந்த அணியிலும் இல்லை. "வாத்தியாரம்மா மகன் தேர்வுல பாஸ், வேலையில ஃபெயில்" என்று உடைமாற்றும் அறையில் கேலி செய்தார்கள்.

அல்சீட்டுக்கு அடிபடவில்லையா? பட்டது. கணக்கில் ஏறியவை ஐந்து. ஏறாதவை எத்தனை என்பதை ஆண்டவர் அறிவார். ஒருமுறை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "இது எதுக்கு?" என்று வெர்னெலைக் கேட்டான். மறுநாள் தேர்வில் ஐம்பத்தேழு. ஒரே ஓர் எண் குறைவு. "இரும்புத் தலைடா உனக்கு" என்று கோச் முதுகில் தட்டினார். அந்த வாரமும் பச்சைப் பொட்டோடு இறங்கினான்.

ஒன்பதாம் ஆண்டின் முடிவில், ஒரு காலைப்பொழுது, பயிற்சிக்கூடத்து அறைக்கதவை ஒருவர் தட்டினார். எல்லா அணிகளிலும் அத்தகைய ஒருவர் உண்டு. அவர் தட்டினால் அணியிலிருந்து நீக்கம் என்று பொருள்; ஆட்டக்காரனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. "கோச் கூப்பிடறார், அல்சீட். ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்றார் அவர். புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு, காலணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவனும் மனைவியும் மகளும் பெல் ரிவியேருக்குத் திரும்பினார்கள்.

திரும்பி வந்து ஆறு ஆண்டுகள் வாழ்வு ஒருவாறு ஓடிற்று. அல்சீட் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினான். வெர்னெல் அதே பள்ளியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்பு அவன் பிள்ளைகளின் பெயர்களை மறந்தான். பிறகு, பயிற்சிக்குரிய நேரத்தை. பிறகு, கோபத்தின் எல்லையை. வேலையிலிருந்து நிறுத்திய பின்னும் பிற்பகல் மூன்று மணிக்குத் தவறாமல் திடலுக்குப் போய், யாருமற்ற புல்வெளியின் நடுவே தன் இடத்தில் நின்றான். அயலார் யாராவது கைபிடித்து அழைத்துவந்து விடுவார்கள்.

சென்ற ஏப்ரலில்தான் அது நடந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தந்தையின் பின்னால் ஓசைப்படாமல் வந்த ஓடில், பதினாறு வயதுப் பெண், சிறுவயது விளையாட்டை நினைத்து அவன் கண்களைப் பொத்தி, "யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அவனுடைய மனம் விடை தேடுமுன் உடல் விடை சொல்லிவிட்டது. தோள் தாழ்ந்தது, இடுப்பு சுழன்றது, கால்கள் ஊன்றித் தள்ளின. ஓடிலின் காறை எலும்பு முறிந்த ஓசை கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த வெர்னெலுக்குக் கேட்டது.

மருத்துவமனையில், கட்டுப்போட்ட மகளைப் பார்த்து, "யாரும்மா இப்படிப் பண்ணினது?" என்று அவன் கேட்டான். "நான்தான் வழுக்கி விழுந்தேன், அப்பா" என்றாள் பெண். "பொய் சொல்லாதே. எவன்னு சொல்லு, அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்" என்றான். வெர்னெல் உண்மையைச் சொன்னாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அரைமணி கழிந்து மீண்டும், "யாரும்மா இப்படிப் பண்ணினது?" என்றான். மீண்டும் சொன்னாள், மீண்டும், முதல்முறை கேட்பவன்போலவே அழுதான். மூன்றாம் முறை கேட்டபோது வெர்னெலும், "வழுக்கி விழுந்துட்டா" என்றாள்.

ஒரு மணிநேரத் தொலைவிலுள்ள நகரத்தில், முன்னாள் ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு நரம்பு மருத்துவ நிலையம் இருந்தது. காலையில் வண்டி வந்து அழைத்துப்போகும். இத்தகையோரைப் பார்த்துக்கொள்ளப் பழகியவர்கள் பகலெல்லாம் உடனிருப்பார்கள். சினத்தைத் தணிக்க மருந்தும் பயிற்சியும் உண்டு. மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே இடம் கிடைத்தால் ஓடில் அஞ்சாமல் வீட்டில் இருக்கலாம். வெர்னெல் வேலைக்குப் போகலாம். கில்லரி வீடு வீடாக இருக்கலாம். கிடைக்காவிட்டால் மகளையாவது கணவனையாவது அவள் வேறிடம் அனுப்பவேண்டும். நிலையத்தில் ஏற்கெனவே இடம் பெற்றிருந்தவன் ரோஸ்கோ. "போய்ப் பாரு தங்கச்சி, இவனைவிட நல்லா இருக்கற என்னையே சேத்துக்கிட்டாங்க" என்று அவன்தான் வழி காட்டினான்.

அல்சீட்டை இரண்டுநாள் சோதித்தபின், டாக்டர் ப்ரென்டிஸ் வெர்னெலைத் தனியே அழைத்தார். கடுமையறியாத மனிதர், அவள் அமரும்வரை தாமும் நின்றார்.

"மிஸ்ஸஸ் கில்லரி, உங்க வீட்டுக்காரருக்கு இப்ப வந்திருக்கறது ஐம்பத்தஞ்சு."

"ரொம்பக் கம்மிதானே, டாக்டர்?"

"கம்மிதான். ஆனா நாங்க பாக்கறது கம்மியான்னு இல்ல, குறைஞ்சிருக்கான்னு. ஆடற காலத்துல எழுதின முதல் தேர்வுக்கும் இப்பத்துக்கும் இருபது புள்ளி இறங்கியிருக்கணும். அதுதான் விதி. அவருக்கு அன்னிக்கே ஐம்பத்தெட்டு. மூணு புள்ளிதான் வித்தியாசம்." அவர் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. சில பேருக்கு இயல்பே அப்படி. ஆட்டத்தால வந்ததுன்னு சொல்ல இடமில்ல."

நானூறு அணிவகுப்பை நெஞ்சில் வைத்திருந்தவன், ஏழாம் வகுப்புச் சட்டையின் பித்தானை எண்ணி வைத்திருந்தவன், இயல்பிலேயே மந்தன் என்று ஏட்டில் இருந்தது. எழுதிவைத்தவனும் அவனே.

"அது பொய், டாக்டர்! வேணும்னே தப்பா எழுதினார். எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க. என் மேசையில உக்காந்துதான் சொல்லிச் சிரிச்சார்."

"வேணும்னே எழுதியிருந்தா அந்தத் தாள்லயே அடையாளம் தெரியும், மேடம். நானே பாத்தேன். ஒரு அடையாளமும் இல்ல. ரொம்ப நேர்மையான தாள்."

"அவ்வளவு கெட்டிக்காரர் அவர்" என்றாள் வெர்னெல்.

டாக்டர் பேனாவை மேசைமீது வைத்தார். "நீங்க சொன்னதை நான் இன்னும் எழுதல. எழுதறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. தேர்வுல ஏமாத்தினதா எழுத்துல வந்துட்டா, அவருக்கு இங்க எப்பவுமே இடம் கிடையாது, அதுவும் விதிதான். எழுதாம விட்டா, ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வரலாம். அப்ப முப்பத்தெட்டுக்குக் கீழ போயிருந்தா, மறுபேச்சு இல்லாம சேத்துக்குவோம். பத்து நாள் எடுத்துக்குங்க. கையெழுத்துப் போட்டுக் கேட்டா எழுதறேன். இல்லேன்னா இந்தப் பேச்சு நடக்கவே இல்ல."

மெய்யென்றால் நோயில்லை, பொய்யென்றால் உரிமையில்லை. இரண்டு கதவுகளுக்கும் ஒரே பூட்டு. அவள் கணவன் கண்டுபிடித்த சந்துதான் அது.

நான்காம் நாள் காலை ரோஸ்கோ வந்தான். வரும்வழியில் வாங்கிய பூடானைத் தாளில் பொதிந்து சூடாகக் கொண்டுவந்திருந்தான். அரிசியும் பன்றியிறைச்சியும் திணித்த அந்தக் குடலைப் பிதுக்கித் தின்றபடி அல்சீட் மலர்ந்த முகத்தோடு அவனைப் பார்த்தான்.

"என்னடா கிழவா, தொப்பை போட்டிருச்சு? கோச் பாத்தா ஓட விடுவாரு."

"உன்னை மாதிரி நானும் சும்மா உக்காந்து தின்னா இளைச்சா போவேன்?"

"பஸ் எத்தனை மணிக்குடா?"

ரோஸ்கோ ஒருகணம் வெர்னெலைப் பார்த்தான். "ரெண்டு மணிக்கு. நேரம் இருக்கு, சாப்பிடு" என்றான்.

அடுப்பங்கரைக்கு வந்தபின் வெர்னெல் நேராகவே கேட்டாள். "எனக்கு நீ ஒரு காகிதம் எழுதிக் குடு, ரோஸ்கோ. நீ அன்னிக்கு அந்த மேசையில இருந்தவன். மொத்த டீமும் அப்படித்தான் எழுதிச்சு, ஏமாத்தணும்னு யாரும் நெனைக்கல, பயத்துல பண்ணினாங்கன்னு எழுது. ஒரு பொம்பள சொன்னா ஏமாத்து. ரெண்டு பேரு, பத்து பேரு சொன்னா விதியை மாத்துவாங்க."

அவன் கையைக் கழுவினான். கழுவின கையையே திரும்பவும் கழுவினான்.

"வேணாம் தங்கச்சி. நீயும் எழுதாதே."

"ஏன்?"

"பத்து பேரு எழுத மாட்டான். எழுதினா, மொத்த டீமோட தாளும் பொய்யின்னு ஆகும். என் தொண்ணூத்திரண்டையும் தோண்டி எடுப்பாங்க. எனக்கு இப்ப அறுபதும்மா. அன்னிக்கு எழுதின நம்பர் இருக்கறதாலதான் என்னை உள்ள வச்சிருக்காங்க. செவ்வாயும் வியாழனும் அங்க போறேன். மத்த நாள்ல மாத்திரையில ஓடுது. அது இல்லேன்னா டாரிஸ் என்னை விட்டுட்டுப் போயிருவா. சொல்லிட்டா."

"உன்னைவிட அஞ்சு புள்ளி கீழ இருக்கான், என் புருஷன்."

"தெரியும்."

"உன்கிட்ட வரவேண்டிய அத்தனை பேரையும் முன்னால நின்னு இவன் தலையால தாங்கினான். உன் தலை தப்பிச்சது இவன் தலையால."

"அதுவும் தெரியும் தங்கச்சி."

"தெரிஞ்சும் மாட்டேங்கறே."

ரோஸ்கோ தலைகுனிந்து நின்றான். அவன் கண்களில் நீர் இருந்ததை வெர்னெல் பார்த்தாள். அந்த நீரால் அவளுக்கு ஆவதொன்றுமில்லை. "முட்டாளா நடிக்கத் தெரியாததால வேலை போச்சு எனக்கு. ஊரே சிரிச்சுது. இப்ப அதனாலதான் பிழைச்சுக் கெடக்கேன். இதையும் என்கிட்டருந்து கேக்காதே" என்றான். கூடத்தைக் கடந்து போகையில் அல்சீட் அவன் கையைப் பற்றி, "இடது பக்கம் பாத்துக்கடா, இன்னிக்கு அவனுக அந்தப் பக்கம்தான் வருவானுக" என்றான். "பாத்துக்கறேன்டா" என்று ரோஸ்கோ போய்விட்டான். அதன்பின் அவன் வரவில்லை.

பத்தாம் நாள் கழிந்தது. வெர்னெல் கையெழுத்திடவில்லை. அவள் கையெழுத்திட்டிருந்தால் கணவன் அறிவுடையவனாக ஏட்டில் வாழ்ந்திருப்பான். வீட்டில் வாழ வழியிருந்திருக்காது. மானத்தை ஒருபுறமும் மகளை ஒருபுறமும் வைத்து நிறுத்தாள்; மகள் பக்கம் தாழ்ந்தது. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் கதவு திறக்கக்கூடும் என்னும் ஒரே நம்பிக்கையைக் கைக்கொண்டாள். நிலையத்திலிருந்து கடிதம் வந்தது: "இயல்பான நிலையிலிருந்து குறிப்பிடத்தக்க சரிவு காணப்படவில்லை."

ஓடிலைப் பேட்டன் ரூஜில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். "அம்மா, நான் இனிமே முன்னாடி வந்து நின்னு பேசறேன்மா, பின்னாடி வரவே மாட்டேன். என்னை அனுப்பாதேம்மா" என்று பெண் கெஞ்சினாள். "ரெண்டே வருஷம், கண்ணு" என்றாள் வெர்னெல். பள்ளிச் சமையலறை வேலையையும் விட்டாள்.

அந்த இரண்டு ஆண்டுகளைக் கடத்துவதன் கொடுமையை அவள் முதலில் உணரவில்லை. இந்த இலையுதிர்காலத்து ஞாயிறு ஒன்றில்தான் அது முழுவடிவோடு எதிரே வந்து நின்றது. அன்று காலை அல்சீட் தானே எழுந்து, தானே முகம் மழித்து, கழுத்துப்பட்டையை முடிச்சுப் பிசகாமல் கட்டிக்கொண்டு வந்தான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஓடிலுக்குப் பொறந்தநாள். பதினேழு. மறந்துட்டேன்னு நெனைச்சியா?" என்றான். பிறகு செய்தித்தாளை எடுத்து, முந்தின நாள் ஆட்டத்தின் கணக்கை வாசித்து, "மூணாவது கால்பகுதியில இவனுக காவலை மாத்தியிருக்கணும். மக்குப் பசங்க" என்று சிரித்தான். ஏழு மாதமாகக் காணாத கணவன் அவன். வேறெந்த மனைவியும் அக்கணம் மண்டியிட்டு ஆண்டவரைத் துதித்திருப்பாள். வெர்னெலின் நெஞ்சிலோ, அவளைக் கேளாமலே, ஓர் எண் எழுந்தது: இன்று சோதித்தால் அறுபது வரும். முப்பத்தெட்டுக்கு இன்னும் இருபத்திரண்டு இருக்கிறது.

அப்படி எண்ணியவள் தான்தானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். "என்ன வெர்னா, முகம் ஏன் இப்படி ஆயிருச்சு?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல ராசா. கோவிலுக்கு நேரமாச்சு" என்றாள்.

அவர்களுடைய பாப்டிஸ்ட் கோவிலில், பாமாலை முடிந்து பிரசங்கம் தொடங்குமுன், சபையார் எழுந்து தத்தம் வேண்டுதலைச் சொல்வது வழக்கம். ஒருவர் அறுவைச் சிகிச்சையைச் சொல்வார். ஒருவர் சிறையிலிருக்கும் மகனைச் சொல்வார். சபை முழுதும் அதை ஏற்று இறைவன்முன் வைக்கும். வெண்ணுடையும் வெண்தொப்பியுமாக முன்னிருக்கையில் அமர்ந்திருந்த சபைத்தாய் ஹேசல், வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, வெர்னெலிடம் நின்றார்.

"வெர்னெல், மகளே, ரொம்ப நாளா நீ வாயே தொறக்கல. அல்சீட் இன்னிக்கு ராசா மாதிரி வந்திருக்கான். அவனுக்காக ஆண்டவர்கிட்ட என்ன கேக்கட்டும்? சொல்லு."

வெர்னெல் எழுந்தாள். நலம் கொடு என்று கேட்டால், இரண்டு ஆண்டு முடிவில் கதவு திறவாது, மகள் வரமாட்டாள். நலத்தை எடுத்துக்கொள் என்று கேட்க எந்த வாய்க்குத் துணிவு வரும்? கணவன் தூய சட்டையோடு அருகில் அமர்ந்து, அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று புன்னகையோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேரை மட்டும் சொல்லுங்க, தாயி" என்றாள். "வேற ஒண்ணும் கேக்க வேணாம். பேரை மட்டும் சொல்லுங்க."

"இது என்னடி பேச்சு, கேக்காம குடுக்கறதுக்கு அவர் என்ன கடன்காரரா?" என்று சொல்லிவிட்டு, ஹேசல் சபையின் பக்கம் திரும்பிக் கைகளை உயர்த்தினார். "அல்சீட்டுக்காகக் கேளுங்க! பிள்ளைக்கு மனசைத் திருப்பிக் குடுங்க, ஆண்டவரே! இன்னிக்குக் குடுத்த தெளிவை எடுத்துக்காதீங்க! இன்னும் குடுங்க!"

"இன்னும் குடுங்க!" என்று நூற்றுவர் வாய் ஒன்றாய் ஒலித்தது. தட்டிய கால்களால் தளம் அதிர்ந்தது. ஆர்கன் கீழ்ச்சுரத்திலிருந்து எழுந்து அக்குரல்களைத் தாங்கிற்று. அல்சீட் கண்மூடி, "ஆமென்" என்றான். எல்லாரையும்விட உரக்கச் சொன்னான். வெர்னெல் முன்னிருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். தன் வாழ்நாளில் முதன்முறையாக, அந்தச் சபையின் வேண்டுதல் மேலே சென்று சேர்ந்துவிடுமோ என்று அஞ்சினாள். அஞ்சியதற்காக மன்னிப்பும் கேட்டாள். எதை மன்னிக்கச் சொல்கிறாள் என்பதை அவளால் வாய்விட்டுச் சொல்லமுடியவில்லை.

ஆண்டவர் சொற்களைக் கேட்பதற்கு முன்பே நெஞ்சைக் கேட்பவர் என்பர் பெரியோர். அவர் அன்று அவள் நெஞ்சைக் கேட்டிருந்தால், குற்றம் காணாதிருப்பாராக. விதி எழுதியவர்களின் மனம் நெகிழ்வதாக. அந்த மனையில் உலை பொங்குக; அங்கே வளரும் பெண் அச்சமின்றித் தந்தையோடு ஒரே மேசையில் உண்ணுக; மனைவி தன் கணவனின் நல்ல நாளைக் கண்டு மனமார மகிழ அவளுக்கு உரிமை வாய்க்குக. அல்சீட் கில்லரியின் இல்லம் நிலைபெறுக. இல்லத்தார் பிரியாது வாழ்க.